வீட்டுச் சீழ், ஆஸ்பத்திரிச் சீழ்

முகம்மது கவுஸ் பென்னாகரத்தில் புளி மண்டி வைத்திருந்தவர். இருபத்தைந்து வருடத்தில் ஒரு மூட்டையைக்கூட மேலாகப் பார்த்து வாங்கியவர் இல்லை. மேலே இருப்பது எப்போதும் நல்ல புளிதான் என்பது அவர் கட்சி. முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். வீட்டில் தரும் காப்பியைக்கூட ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் என்று அவர் மனைவி ஷரீபுன்னிசா சொல்வாள். அதில் மிகை ஒன்றும் இல்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு முறை, அடியில் கைவிட்டுப் பார்க்காமல் ஒன்றை நம்பினார். அது கரடிப்பள்ளம் அரசு மருத்துவமனை.

எண்பத்து நாலாம் வருடம், சித்திரை வெயிலில், ஷரீபுன்னிசாவுக்குக் குடல்வால் வீங்கி வலி உயிரை எடுத்தது. கரடிப்பள்ளத்துக்குக் கொண்டுபோனார்கள். தலைமை மருத்துவர் குப்புராஜ் முக்கால் மணி நேரத்தில் அறுத்துத் தைத்துவிட்டார். வெளியே வந்து, வெட்டி எடுத்ததை ஒரு பாட்டிலில் போட்டுக் காட்டினார். கவுஸ் பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. குப்புராஜின் கை உண்மையிலேயே நல்ல கை.

ஐந்தாம் நாள் ஷரீபுன்னிசாவுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. கட்டைப் பிரித்தபோது தையல் ஓரமாகச் சீழ் வடிந்தது. கவுஸ் குனிந்து அதை முகர்ந்து பார்த்தார். பழைய சந்தேகப் புத்தி அந்த நிமிடமே எழுந்து உட்கார்ந்துகொண்டது.

வார்டு வாசலில் ஒரு பலகை இருந்தது. பெண்கள் அறுவைப் பிரிவு, படுக்கை நாற்பது, செவிலியர் பன்னிரண்டு என்று எழுதி, கீழே பன்னிரண்டு பெயரும் போட்டிருந்தார்கள். கவுஸ் ஐந்து நாளாக அங்கேயே கிடக்கிறவர். காலையில் வந்தது மூக்குக் கண்ணாடிக் காம்பில் நூல் சுற்றிய ஓர் அம்மாள். மத்தியானம் வந்ததும் நூல் சுற்றிய கண்ணாடிதான். இரவு மணி அடித்து அவரை வெளியே துரத்தியதும் அதே கண்ணாடி. எல்லா நர்ஸ்களுக்கும் சர்க்கார் ஒரே மாதிரி உடைந்த கண்ணாடி கொடுத்திருக்கிறதோ என்றுகூட அவர் ஒரு கணம் யோசித்தார்.

"ஏனுங்கம்மா, நீங்க ஒருத்தங்களா, பன்னெண்டு பேருங்களா?" என்று கேட்டே விட்டார்.

அந்த அம்மாள் பெயர் ஜானகியம்மாள். இருபது வருட சர்வீஸ். கேள்வியைக் கேட்டு அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"ஒருத்திதாங்க. மூணு பேரு குடும்பக் கட்டுப்பாடு கேம்ப்புல இருக்காங்க. ரெண்டு பேரு கலெக்டர் ஆபீசுல பைல் கட்டறாங்க. ஒருத்திக்குக் குரல் நல்லா இருக்கும், அதனால எங்க விழா நடந்தாலும் கடவுள் வாழ்த்து பாடப் போயிருவா. இன்னொருத்தி தருமபுரி பொருட்காட்சில நிக்கறா. கை கழுவறது எப்படின்னு ஜனங்களுக்குச் சொல்லிக் குடுக்கறா. மிச்சம் நாலு பேரு மாடியில சீழ் புள்ளிவிவரப் பிரிவு."

"சீழுக்கு ஒரு பிரிவுங்களா?"

"சீழ் ஜாஸ்தி ஆயிருச்சுங்களே. கணக்கு எழுத ஆள் வேணாமா? ஒரு கேசுக்கு ஏழு பக்கம், நாலு காப்பி."

கவுஸ் விடவில்லை. ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவே அந்த அம்மாள் கை கழுவுவதை அவர் பார்த்ததே இல்லை. அதையும் கேட்டார்.

"வார்டுக் குழாயில தண்ணி வந்து ரெண்டு வருசமாச்சுங்க. சமையக்கட்டுக்குப் போயி கழுவிட்டு வர நாலு நிமிசம். நாப்பது கட்டிலு. நாலு நாப்பது எவ்வளவுங்க?"

"நூத்தி அறுவது."

"கிட்டத்தட்ட மூணு மணி நேரம். கை கழுவறதுக்கு மட்டும். இடுக்கி ஒரு தட்டு. அதைக் கொதிக்க வெக்க இருவது நிமிசம். காலையில ஒருக்கா வெப்பேன். அப்புறம் ஸ்பிரிட்டுல தொடைப்பேன். ஸ்பிரிட்டு தீந்துட்டா துணியில தொடைப்பேன். எனக்குத் தெரியாமலா இருக்குது? முதல் கட்டில் சீழ நாந்தாங்க நாப்பதாவது கட்டில் வரைக்கும் தூக்கிட்டுப் போறேன்."

கவுசுக்கு அவர் மேல் இருந்த சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. பலகையின் மேல்தான் இப்போது முழுச் சந்தேகமும் திரும்பியது.

அவர் நேரே குப்புராஜிடம் போனார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். அறுக்கிற விஷயத்தைப் போலவே விளக்குகிற விஷயத்திலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"பாய், சீழ்ல ரெண்டு வகை. ஒண்ணு ஆஸ்பத்திரிச் சீழ், இன்னொண்ணு வீட்டுச் சீழ். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகு வந்தா அது வீட்டுச் சீழ். அதுக்கு நாங்க பொறுப்பில்ல. அதனாலதான் ஏழாம் நாளே அனுப்பிடறோம். சீழ் வர்றதுக்குள்ள பேஷண்ட் வீட்டுக்குப் போயிடணும், அதான் இங்க கொள்கை."

"என் சம்சாரத்துக்கு அஞ்சாம் நாளே வந்துருச்சுங்களே."

"அவசரப்பட்டு வந்துருச்சு. ஆனா அவங்க சாப்பிடறது யார் வீட்டுச் சாப்பாடு? உங்க வீட்டுது. அப்ப அது வீட்டுச் சீழ்தான். தற்காலிகமா இங்க தங்கியிருக்குது."

நர்ஸ் பதினொரு பேரைப் பற்றிக் கவுஸ் கேட்டார். குப்புராஜ் மேஜையிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்து விரித்தார். பன்னிரண்டு பெயருக்கு எதிரிலும் கையெழுத்து, அல்லது சிவப்பு மையில் ஓ.டி. என்று இரண்டு எழுத்து. வேறு பணி என்று அதற்கு அர்த்தம். "ஒருத்தர்கூட ஆப்சென்ட் இல்ல பாருங்க" என்றார் டாக்டர் பெருமையாக. உண்மைதான். எல்லோரும் எங்கேயோ வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

கவுசின் கேள்வி வீண்போகவில்லை. மூன்றாம் நாளே சீழ் விசாரணைக் குழு ஒன்று கூடியது. குழுவுக்கு முதல் சாட்சியாகக் கவுசையே கூப்பிட்டார்கள்.

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"புளி மண்டிங்க."

குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. எழுதிக்கொண்டிருந்தவர் புளி என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

"உங்க மனைவி எத்தனை வருசமா புளி வாசனையை சுவாசிச்சுக்கிட்டு இருக்காங்க?"

"கட்டிக்கிட்டு வந்ததுல இருந்துங்க. பத்தொம்போது வருசம். இத்தனை நாள் சீழ் வரலீங்க."

"வயித்தை இத்தனை நாள் திறக்கலையே" என்றார் குழுத் தலைவர். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள்.

மறுநாள் மருத்துவமனை வாசலில் புளிக்குத் தடை என்று போர்டு வைத்தார்கள். நோயாளிகளுக்கு வருகிற தூக்குப் பாத்திரங்களை மோந்து பார்த்து உள்ளே விட ஓர் ஆள் தேவைப்பட்டது. பயிற்சி பெற்ற மூக்குதான் வேண்டும் என்று குழு சொல்லிவிட்டது. மருத்துவமனையில் கையில் இருந்த ஒரே நர்ஸ் ஜானகியம்மாள். ஆகவே காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அவர் கேட்டில் நின்று ரசத்தை மோந்தார். கட்டுப் பிரிப்பது மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது.

ஷரீபுன்னிசாவின் தையல் நடுவில் வாய் பிளந்துவிட்டது. அவள் முனகக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். அடுத்த கட்டிலில், வத்தல்மலையிலிருந்து வயிற்றுக் கட்டிக்கு அறுத்துக்கொள்ள வந்த பெரியம்மாள் கிடந்தாள். அவளுக்கும் காய்ச்சல். அவள் புருஷன் மாதப்பன் கால்மாட்டில் குந்தியபடி, "எங்க மலையில புளியே கிடையாதுங்களே பாய், இவளுக்கு எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டான். மனைவி செத்துப்போவாள் என்கிற பயம் அன்றைக்குத்தான் கவுசுக்கு முழுதாக வந்தது. வராந்தா மூலைக்குப் போய், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அதிசயம் ஒன்று நடந்தது. காலை ஏழு மணிக்கே வார்டுக்குள் நர்ஸ்கள் வரத் தொடங்கினார்கள். கவுஸ் எண்ணினார். நான்கு, ஏழு, பத்து. நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினார். பன்னிரண்டு. கடவுள் வாழ்த்துப் பாடுகிற பெண் வந்திருந்தாள், பொருட்காட்சிப் பெண் வந்திருந்தாள், மாடியிலிருந்து நான்கு பேர் இறங்கி வந்திருந்தார்கள். இணை இயக்குநர் பார்வையிட வருகிறாராம். தண்ணீர் வராத குழாய்க்குப் பக்கத்தில் இரண்டு அண்டா நிறையத் தண்ணீரும் வந்துவிட்டது.

இணை இயக்குநர் ஒன்பது மணிக்கு வரவேண்டியவர். வழியில் ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனவர் மீன் குழம்புக்கும் உட்கார்ந்துவிட்டதாகச் சேதி வந்தது. பன்னிரண்டு நர்ஸ்களும் எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பார்கள்? கை பழகின வேலை கண்ணுக்கு முன்னால் நாற்பது கட்டிலில் கிடக்கிறது. ஒருத்தி அடுப்பைப் பற்றவைத்தாள். ஒருத்தி இடுக்கிகளைக் கொதிக்க வைத்தாள். ஆளுக்கு மூன்று நான்கு கட்டில் என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு புண்ணுக்கும் கை கழுவி, கட்டைப் பிரித்து, கழுவித் துடைத்து, புதுக் கட்டுப் போட்டார்கள். பொருட்காட்சிப் பெண் கை கழுவுவதை நின்று பார்க்கலாம் போல இருந்தது. மத்தியானத்துக்குள் வார்டின் நாற்றமே மாறிவிட்டது.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. இணை இயக்குநர் தலைகளை எண்ணிவிட்டு, நடுவில் நின்று பேசினார்.

"பன்னிரண்டு பேர். கணக்கு சரியா இருக்குது. இத்தனை பேர் இருந்தும் இங்க சீழ் வருதுன்னா என்ன தெரியுது? ஆள் எண்ணிக்கைக்கும் சீழுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லேன்னு தெரியுது. ஆள் போதலை, ஆள் போதலைன்னு எழுதறவங்க இதை மனசுல வெச்சுக்கணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஜீப் கிளம்பிய பத்தாவது நிமிடம் பதினொரு பேரும் கிளம்பினார்கள்.

ஆனால் அன்றிரவே ஷரீபுன்னிசாவின் காய்ச்சல் இறங்கியது. மறுநாள் அவள் கஞ்சி கேட்டாள். பெரியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். வார்டில் பதினெட்டாக இருந்த சீழ்க் கணக்கு அந்த வாரம் பதினொன்றாகக் குறைந்தது. புளித் தடையின் முதல் வெற்றி என்று மாடியில் நான்கு காப்பி எழுதினார்கள்.

கவுஸ் ஏமாறவில்லை. மருந்து எது என்று கண்டுபிடித்துவிட்டார். அது ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. அது அந்த ஜீப். வரவேண்டும் என்பதுகூட இல்லை, வரும் என்ற பயம் இருந்தால் போதும். பென்னாகரம் தபாலாபீசுக்குப் போய் டெலிபோனை எடுத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஐயா நாளைக்குக் காலையில அந்தப் பக்கம் வர்றாங்க, வார்டு ரெடியா இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். எந்த ஐயா என்று எவரும் கேட்டதில்லை. எந்த ஐயாவாக இருந்தாலும் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடிவருகிற இடம் அது. மறுநாள் காலை பன்னிரண்டு பேரும் இருப்பார்கள். ஐயா வரமாட்டார். மத்தியானம் வரை கை சும்மா இராது. அப்படி நான்கு தடவை செய்தார். சீழ்க் கணக்கு ஆறாகி, நாலாகி, இரண்டில் வந்து நின்றது. ஷரீபுன்னிசாவின் புண் சிவந்து சுத்தமானது. பிளந்த இடத்தை மறுபடி தைத்துவிடலாம் என்று குப்புராஜ் நாள் குறித்தார்.

தைத்த அன்று மத்தியானம் மேலிடத்து உத்தரவு வந்தது. கரடிப்பள்ளத்தில் சீழ் ஒழிக்கப்பட்டுவிட்டதால், அங்கே பணியாற்றும் செவிலியர் ஜானகியம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தப்படும். மேலும் சீழை ஒழித்த விதம் பற்றி மாவட்டம் முழுவதும் அவர் ஆறு மாதம் சொற்பொழிவு ஆற்ற வேண்டும். உடனே புறப்பட வேண்டும். அவர் பெயருக்கு எதிரிலும் சிவப்பு மையில் இரண்டு எழுத்து விழுந்தது.

பொன்னாடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜானகியம்மாள் கவுசிடம் வந்தார்.

"பாய், இன்னிக்குப் போட்ட தையலு. இதுல சீழ் புடிச்சா அந்த உடம்பு தாங்காது. யாரையும் நம்பாதீங்க. நீங்க சந்தேகப்படற ஆளு, அதனால சொல்றேன். இடுக்கிய இருவது நிமிசம் கொதிக்க வெச்சுட்டு, கைய முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, அப்புறம்தான் கட்டைத் தொடணும். யாரு அவசரப்படுத்துனாலும் அவசரப்படக் கூடாது."

கவுஸ் அன்றிலிருந்து அப்படியே செய்தார். கடிகாரத்தைச் சந்தேகப்பட்டு இருபது நிமிடத்தை முப்பதாக்கினார். சோப்பைச் சந்தேகப்பட்டு இரண்டு முறை கழுவினார். அவரைப் பார்த்து மாதப்பனும் பெரியம்மாளுக்குச் செய்தான். தையல் காய்ந்துகொண்டு வந்தது.

மூன்றாம் நாள் உண்மையாகவே ஜீப் வந்துவிட்டது, சொல்லாமல் கொள்ளாமல். இணை இயக்குநர் வார்டுக்குள் நுழைந்தபோது அங்கே நர்ஸ் என்று ஒரு பூச்சி இல்லை. வெள்ளைச் சட்டையோடு, முழங்கை வரை ஈரமாக, இடுக்கியைப் பிடித்துக்கொண்டு கவுஸ் மட்டும் நின்றார்.

"யார் இது?"

குப்புராஜ் முந்திக்கொண்டார். "ஆண் செவிலியர் சார். புதுசா வந்திருக்கார்."

"பெண்கள் வார்டுக்கு ஆணா?"

"ஸ்பெஷல் பர்மிஷன் சார்."

இணை இயக்குநர் கவுசின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நல்லா கழுவியிருக்கார். இந்த மாதிரி ஆளை இங்க வெச்சு வீணடிக்கலாமா? பொருட்காட்சிக்கு அனுப்புங்க. ஓ.டி. போடுங்க."

ஜீப் போன பிறகு கவுஸ் கையைக் கட்டிக்கொண்டு குப்புராஜ் முன்னால் நின்றார்.

"டாக்டரய்யா, நான் உங்க ஆளே இல்லீங்களே. புளி வியாபாரி. எப்படிங்க பொருட்காட்சிக்குப் போறது?"

"அப்படிச் சொல்லாதீங்க பாய். நீங்க ஊழியர்னா உத்தரவுப்படி போகணும். ஊழியர் இல்லேன்னா வெளியாள். வெளியாள் கட்டைத் தொடறது சட்டப்படி குத்தம்."

"அப்ப என் சம்சாரத்துக்கு யாருங்க கட்டுப் பிரிப்பாங்க?"

"அதுக்குத்தான் பன்னிரண்டு பேர் போட்டிருக்கோமே" என்றார் குப்புராஜ். அவர் கேலி செய்யவில்லை. பதிவேட்டைத் தொட்டுக்கொண்டு, நம்பித்தான் சொன்னார். அதற்கு மேல் கவுஸ் அங்கே நிற்கவில்லை.

அன்று மாலையே அவர் ஒரு வாடகைக் கார் பிடித்தார். சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போவதாகக் கையெழுத்து வாங்கினார்கள். தையல் போட்டு ஏழு நாள் ஆகவில்லை, ஆகவே இனி எது வந்தாலும் வீட்டுச் சீழ் என்று எழுதி அதற்கும் ஒரு கையெழுத்து. கவுஸ் இரண்டு காகிதத்தையும் மூன்று தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கார் நகரும்போது மாதப்பன் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டான்.

"எங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிருங்க பாய். இங்க வுட்டுட்டுப் போனீங்கன்னா இவ பொழைக்க மாட்டா."

பின்னாலேயே பதினேழாம் கட்டில் தீர்த்தம்மாளும் மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

மண்டிக் கிடங்கில் இருந்த மூட்டைகளை ஒதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மூன்று கட்டில் போட்டார் கவுஸ். கவனித்துக்கொள்ள கவுஸ், அவர் தங்கை வஹிதா, மாதப்பன், தீர்த்தம்மாளின் மருமகள். வாசலில் ஒரு தவலைத் தண்ணீர், பக்கத்தில் சோப்பு. கழுவாத கை உள்ளே வந்தால் வஹிதா கத்தி ஊரைக் கூட்டிவிடுவாள். தையல் போட்ட ஏழாம் நாள் காலையில் கவுஸ் ஷரீபுன்னிசாவின் கட்டைப் பிரித்தார். தையல் காய்ந்து கோடாகக் கிடந்தது. அழுத்திப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. அல்லாவை நினைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாரக் கடைசியில் பென்னாகரம் பள்ளிக்கூடத்தில் சொற்பொழிவு ஆற்ற வந்த ஜானகியம்மாள், பேச்சு முடிந்ததும் கிடங்குக்கு வந்து மூன்று பேருக்கும் தையலை வெட்டி எடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் ரொம்ப நாளுக்குப் பிறகு நர்ஸ் வேலை பார்த்ததாக அவர் சொன்னார்.

பத்து நாள் கழித்து பழுப்பு உறையில் சர்க்கார் கடிதம் வந்தது. அனுமதியில்லாத மருத்துவமனை பற்றி மனு வந்து, ஓர் அதிகாரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அதன் விளைவு அது. கவுஸ் ஷரீபுன்னிசாவுக்குப் படித்துக் காட்டினார்.

"மேற்படி கிடங்கில் படுக்கை மூன்று. கவனிப்போர் நான்கு பேர். நோயாளிகள் மூவர், மூவரும் அறுவை செய்துகொண்டவர்கள். மூவரில் ஒருவருக்கும் சீழ் இல்லை. இது மிகுந்த சந்தேகத்துக்கு இடமளிக்கிறது. எப்படிச் சீழ் வராமல் போயிற்று என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டும். தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்."

கவுஸ் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "என்னத்தைன்னு எழுதறது? எத்தனை பக்கம் எழுதினாலும் நம்ப மாட்டாங்களே."

ஷரீபுன்னிசா காய்ந்த தையலின் மேல் கையை வைத்துக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒரே வரி போதும். கை கழுவறதுக்கு நேரம் இருந்துச்சுன்னு எழுதிப் போடுங்க."